ஃபிஷர் கோட்டை: ஒரே கப்பற்படை, இரண்டு ஜெனரல்கள்

1864 டிசம்பர் 24, பின்னிரவு இரண்டு மணிக்குச் சற்று முன். வட கரோலினாக் கடற்கரையில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் ஃபிஷர் கோட்டைக்கு எதிரே வடமாநிலப் படையின் ‘லூசியானா’ என்ற பழைய கப்பல் வெடித்துச் சிதறியது. உள்ளே 215 டன் வெடிமருந்து. கோட்டைச் சுவர் சரிந்துவிடும், காவல் படை செத்துக் கிடக்கும் அல்லது செவிடாகிக் கிடக்கும், அப்போது தரைப்படை நடந்தே உள்ளே போய்விடலாம் என்பது திட்டம். கோட்டையின் தளபதி கர்னல் வில்லியம் லாம்ப் அப்போது தங்கியிருந்தது, கலங்கரை விளக்கக் காவலர் குடியிருந்த ஒரு செங்கல் வீட்டில். வீடு தொட்டில்போல லேசாக ஆடியது. தரைதட்டிய எதிரிக் கப்பல் ஒன்று வெடித்திருக்கும் என்று அவர் முடிவுகட்டினார். சுவரிலிருந்து ஒரு கைப்பிடி மணல்கூடச் சரியவில்லை.

அதைவிட வேடிக்கை, நடந்து உள்ளே போகவேண்டிய தரைப்படை அங்கே இல்லவே இல்லை. புயலுக்கு ஒதுங்கி, நிலக்கரியும் குடிநீரும் தீர்ந்துபோய், ஏறக்குறைய 140 கிலோமீட்டருக்கு அப்பால் போஃபர்ட் துறைமுகத்தில் நின்றிருந்தது. மாப்பிள்ளை வருவதற்குள் முகூர்த்தத்தை முடித்த கதை.

மூன்றே வாரத்தில், 1865 ஜனவரி 15 இரவு, அதே கோட்டை விழுந்தது. அதே அட்மிரல் டேவிட் போர்ட்டர், கப்பல்களில் பெரும்பாலானவை பழையவை, படைவீரர்களிலும் பெரும்பாலோர் முன்பு திரும்பிப் போனவர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து செய்த காரியங்களை ஆராய இதைவிட வாகான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. ஒரே பரிசோதனையை இரண்டு முறை செய்து பார்த்ததுபோல் அமைந்துவிட்டது.

எதற்காக இந்தக் கோட்டை

கேப் ஃபியர் ஆற்றின் மேலே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது வில்மிங்டன். 1864 ஆகஸ்டில் மோபில் விரிகுடா வடக்கின் கைக்குப் போனபிறகு, தெற்குக்கு வெளியுலகத்தோடு மிஞ்சிய பெரிய வாசல் இது ஒன்றுதான். பெர்முடாவிலிருந்தும் பஹாமாவின் நசாவிலிருந்தும் சாம்பல் நிறம் பூசிய வேகக் கப்பல்கள் இருட்டில் வடக்கின் கடல் முற்றுகைக்குள் நுழைந்து வரும். அவை இறக்கும் இறைச்சி, பூட்ஸ், துப்பாக்கி எல்லாம் ரயிலேறி, பீட்டர்ஸ்பர்க்கில் பதுங்கு குழிகளில் கிடந்த தெற்கின் ஜெனரல் ராபர்ட் லீயின் படைக்குப் போகும். வில்மிங்டன் போனால் தன் படையைக் காப்பாற்ற முடியாது என்று லீயே சொல்லியனுப்பியிருந்தார்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணல் நாக்கின் முனைக்கருகே கோட்டை. செங்கல் கோட்டைகளை நவீன பீரங்கிகள் தூள் தூளாக்குவதைப் பார்த்திருந்த லாம்ப், இரண்டரை ஆண்டுகள் அடிமைகளையும் படைவீரர்களையும் வைத்து மணலிலேயே இதை எழுப்பினார். ஏழு என்ற எண்ணின் வடிவம். குட்டையான கை நிலத்தைப் பார்த்து, நீண்ட கை கடலைப் பார்த்து. நிலமுகத்தில் பீரங்கி மேடைகளுக்கு இடையிடையே குன்றுபோன்ற மண் தடுப்புகள். அவற்றின் வயிற்றுக்குள் பதுங்கறைகள். முன்னால் கூரிய மரக்கம்ப வேலி, அதற்கும் முன்னால் மின்கம்பி வழியே வெடிக்கும் கண்ணிவெடிகள். மணலில் விழும் குண்டு மணலைக் கிளறும், அவ்வளவுதான். கப்பல்கள் மட்டும் சுட்டு இதை வாங்க முடியாது. வெட்டவெளியில் ஓடிவரும் தரைப்படை மட்டும் வந்தாலும் வாங்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

யார் யாருக்குக் கட்டளையிடுவது

இங்கேதான் சிக்கல். 1864 மார்ச் முதல் யுலிசஸ் கிராண்ட் வடக்கின் எல்லாத் தரைப்படைகளுக்கும் தலைமைத் தளபதி. ஆனால் ஒரு துடுப்புப் படகைக்கூட நகர்த்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. தரைப்படைக்குப் போர்த்துறை, அமைச்சர் ஸ்டான்டன். கப்பல்களுக்குக் கடற்படைத் துறை, அமைச்சர் வெல்ஸ். இரண்டுக்கும் மேலே இருந்தவர் லிங்கன் மட்டுமே. களத்தில் ஒரு ஜெனரலும் ஒரு அட்மிரலும் ஒத்துப்போகாவிட்டால், தீர்த்துவைக்க அங்கே யாரும் இல்லை.

போரின் தொடக்கத்தில் வேறுவிதமாகவும் முயன்று பார்த்தார்கள். மிசிசிப்பி ஆற்றுப் பீரங்கிப் படகுகள் முதலில் தரைப்படைக்குச் சொந்தம். அவற்றை நடத்தியவர் மட்டும் ஆண்ட்ரூ ஃபூட் என்ற கடற்படை அதிகாரி. வருகிற போகிற பிரிகேடியர் எல்லாம் தன்னை ஏவுகிறார் என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். 1862 அக்டோபரில் அந்தப் படகுகளைக் கடற்படைக்கே மாற்றினார்கள். ஃபூட்டின் புலம்பலுக்கு விடை கிடைத்தது. ஒரே தலைமை என்ற ஏற்பாடும் அதோடு போனது. அடுத்த ஆண்டு விக்ஸ்பர்க்கில், பீரங்கிகள் நிறைந்த ஆற்றங்கரையை இருட்டில் கடந்து கப்பல்களைத் தெற்கே கொண்டுவர முடியுமா என்று கிராண்ட், ஆற்றுக் கப்பல்களின் தளபதியாக இருந்த போர்ட்டரிடம் கேட்கத்தான் முடிந்தது. ஒருமுறை கடந்துவிட்டால் ஆற்றோட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டு, போர்ட்டர் 1863 ஏப்ரல் 16 இரவு கடந்தார். அந்த இரவில் கிராண்டுக்கு அவர்மீது வந்த நம்பிக்கை, ஃபிஷர் கோட்டை விவகாரத்தில் எந்தச் சட்டப் பிரிவையும்விட அதிகம் உதவியது.

டிசம்பர்: பேசாத இருவர்

அந்த நம்பிக்கை முதல் முறை ஏன் பயன்படவில்லை? நடுவில் பெஞ்சமின் பட்லர் இருந்தார்.

மாசசூசெட்ஸில் பெயர்போன வக்கீல், அரசியல்வாதி, போருக்காக ஜெனரல் ஆனவர். ஃபிஷர் கோட்டை அவருடைய படைப்பிரதேச எல்லைக்குள் இருந்தது. படையை நடத்தப்போவது காட்ஃப்ரி வைட்செல் என்ற பொறியாளர் ஜெனரல் என்றுதான் கிராண்ட் எண்ணியிருந்தார். ஆனால் உத்தரவு முறைப்படி பட்லர் வழியாகப் போனது. போன உத்தரவோடு பட்லரும் கப்பலேறிவிட்டார். வெடிமருந்துக் கப்பல் யோசனையும் அவருடையதே. அந்த ஆண்டு இங்கிலாந்தில் எரித் என்ற இடத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரே குலுங்கிய செய்தியைப் படித்துவிட்டு எழுந்த ஆசை அது.

பட்லருக்கும் போர்ட்டருக்கும் 1862இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்தே ஆகாது. அங்கே போர்ட்டரின் மார்ட்டர் படகுகள் கோட்டைகளைச் சுட்டுத் தள்ளியதற்கு எவ்வளவு பெருமை சேரும் என்பதில் தொடங்கிய சண்டை. இப்போது ஒரே படையெடுப்பின் இரண்டு பாதிகளுக்குத் தலைவர்களாக வந்தும் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவில்லை. வைட்செலும், கிராண்டின் உதவியாளரான கம்ஸ்டாக்கும் இடையே தூது போனார்கள். தரைப்படை கடலில் காத்திருந்தபோது, கப்பற்படை நிலக்கரியும் குண்டும் ஏற்ற போஃபர்ட்டுக்குப் போயிருந்தது. கப்பற்படை வந்தபோது புயலும் வந்தது. தரைப்படை போஃபர்ட்டுக்குப் போனது. வானம் தெளிந்ததும் போர்ட்டர் பட்லருக்காகக் காத்திருக்கவில்லை. வெடிமருந்துக் கப்பலைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். 215 டன் புஸ்வாணம்.

24, 25 இரு நாளும் கடற்படை சுமார் 20,000 குண்டுகளைக் கொட்டியது. போர்ட்டரும் தப்பு செய்தார் என்பதை இங்கே சொல்லவேண்டும். பட்லரைத் திட்டும் ஆர்வத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கப்பல் பீரங்கிக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைக் கொடியைக் குறிவைத்தார்கள். கொடிக்கம்பத்தைச் சாய்ப்பதில் ஒரு போட்டி. லாம்ப் அதைக் கவனித்து, கொடியை ஆளில்லாத இடத்துக்கு மாற்றி நட்டார். குண்டுகள் கொடிக்கு மேலாகப் போய் ஆற்றில் விழுந்தன. கோட்டையிடம் குண்டு குறைவு என்பதால் ஒவ்வொரு பீரங்கியும் அரை மணிக்கு ஒரு முறைதான் சுட்டது. கோட்டை அடங்கிவிட்டது என்று போர்ட்டர் நம்பினார். இதற்கிடையே ஐந்து கப்பல்களில் பாரட் வகைப் பீரங்கிகள் தாமாகவே வெடித்து, எதிரி செய்யாத சேதத்தைச் செய்தன.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் 2,000-க்குச் சற்றுக் கூடுதலான படையினர் கரையிறங்கினார்கள். கர்டிஸ் என்ற பிரிகேடு தளபதியின் ஆட்கள் கோட்டையை ஒட்டியே போய்விட்டார்கள். குண்டடியில் சரிந்து வெளிப்பக்கம் தொங்கிய ஒரு கொடியை ஒரு லெப்டினன்ட் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். வைட்செல் தொலைவிலிருந்து நிலமுகத்தைப் பார்த்தார். பீரங்கிகள் அப்படியே நிற்கின்றன. இதில் ஆட்களை ஏவினால் கொலைதான் என்றார். பார்த்த மட்டில் அது சரியான கணிப்பே. தவறு அடுத்த படியில். கரையிறங்க முடிந்தால் அகழி தோண்டி அங்கேயே இருக்கவேண்டும், திரும்பக் கூடாது என்பது கிராண்டின் எழுத்து உத்தரவு. அதை வைட்செல் பார்த்ததே இல்லை என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. பார்த்திருந்த பட்லர் சிறு கப்பலில் இருந்தபடியே எல்லோரையும் திரும்ப ஏறச் சொன்னார். அலை முற்றி, சுமார் 700 பேர் கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். மழையில் நனைந்து கிடந்த அவர்களைக் கடற்படை 27ஆம் தேதிதான் மீட்டது. பட்லர் அதற்குள் வடக்கே கப்பலைத் திருப்பியாகிவிட்டது.

கிராண்டின் கடிதம்

படுகேவலமான தோல்வி என்று கிராண்ட் லிங்கனுக்குத் தந்தியடித்தார். நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்திருந்ததால் பட்லரைத் தொட இனி யாருக்கும் பயமில்லை. ஜனவரி முதல் வாரத்தோடு பதவி போனது. போர்ட்டருக்கு கிராண்ட் எழுதியது: சில நாள் அங்கேயே நில்லுங்கள், கூடுதல் படையோடும் பழைய தளபதி இல்லாமலும் வருகிறோம்.

புதிய தளபதி ஆல்ஃபிரட் டெர்ரி, வயது 37. ராணுவக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். நியூ ஹேவனில் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். (பட்லர் வக்கீல், டெர்ரி நீதிமன்ற ஆள், சட்டம் படித்துவிட்டுப் பத்திரிகை நடத்தியவர் லாம்ப். கோட்டையைக் காத்தவரும் கோட்டைவிட்டவரும் பிடித்தவரும் கறுப்புக் கோட்டு வகையறாதான்.)

டெர்ரிக்குக் கிராண்ட் கொடுத்த கடிதம் இந்த நிகழ்வின் மிக முக்கியமான ஆவணம் என்பது என் கருத்து. உனக்கும் கடற்படைத் தளபதிக்கும் இடையே முழுமையான புரிதல் இருக்கவேண்டும். போர்ட்டரிடம் தாராளமாகக் கலந்து பேசு. எந்தப் படை எதைச் செய்யும் என்பதை அவரிடமிருந்தே கேட்டு வாங்கு. முழுத் திட்டத்தையும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான் அவரோடு வேலை செய்திருக்கிறேன், உன் பொறுப்புக்குப் பங்கம் வராத அளவுக்கு அவர் சொல்லுக்கு விட்டுக்கொடு. சாரம் இவ்வளவே. அட்மிரலுக்குக் கட்டளையிட கிராண்டுக்கு வழியில்லை. ஆகவே தன் ஜெனரலுக்குக் கட்டளையிட்டார், அட்மிரலோடு ஒத்துப்போ என்று. சட்டத்தில் இருந்த ஓட்டையை ஒரு பத்தி அடைத்தது.

ஜனவரி 8 அன்று போஃபர்ட்டில் இருவரும் சந்தித்தார்கள். வேலை பேசத் தொடங்கினார்கள். போர்ட்டரும் பாடம் படித்திருந்தார்: இம்முறை ஒவ்வொரு கப்பலுக்கும் இன்ன பீரங்கி மேடை என்று பிரித்துக்கொடுத்து, கொடியைச் சுடாதே, பீரங்கியைச் சுடு என்று எழுதியே தந்தார்.

மணலில் 8,000 பேர்

ஜனவரி 13 காலை எட்டரை மணியளவில் படகுகள் கிளம்பின. சுமார் 200 படகுகள், எல்லாம் கடற்படையுடையவை. ஒவ்வொரு வீரனிடமும் மூன்று நாள் சாப்பாடு, 40 தோட்டா. தனியாக ஆறு நாளைக்கான கெட்டி பிஸ்கட், மூன்று லட்சம் தோட்டா, மண்வெட்டிகள். அலை தூக்கிப்போட்டதில் பலருடைய சாப்பாட்டுப் பை ஊறி வீணானது. ஆனாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் ஏறக்குறைய 8,000 பேர் கரையில் நின்றார்கள். டிசம்பரில் இறங்கியவர்களைப்போல நான்கு மடங்கு.

டெர்ரி முதலில் கோட்டைப் பக்கம் திரும்பவே இல்லை, வடக்கே திரும்பினார். வில்மிங்டன் பக்கம் தெற்கின் ஜெனரல் ஹோக்கின் டிவிஷன், சுமார் 6,000 பேர் இருந்தார்கள். முதுகில் அவர்களை வைத்துக்கொண்டு கோட்டையைத் தொட முடியாது. இரவெல்லாம் தோண்டி, மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஆற்றிலிருந்து கடல்வரை மணல் நாக்கின் குறுக்கே ஒரு மண் அரண் எழும்பியது. அதைக் காத்தவர்களில் பெரும்பகுதி பெயின் தலைமையிலான கறுப்பினப் படையினர். பட்லரிடம் இருந்த உத்தரவும் இதுவேதான் என்பதை நினைவில் வைத்தால், டெர்ரி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது புரியும். சொன்னதைச் செய்தார்.

14ஆம் தேதி மாலை டெர்ரி ‘மால்வர்ன்’ கொடிக்கப்பலுக்குப் போய்ப் போர்ட்டரோடு உட்கார்ந்தார். மறுநாள் பிற்பகல் மூன்று மணிவரை குண்டுவீச்சு. பிறகு எல்லாக் கப்பல்களும் நீராவிச் சங்கை ஊதி, குண்டுவீச்சைத் தாக்கும் இடத்திலிருந்து விலக்கவேண்டும். ஆற்றுப் பக்கம் ஏம்ஸின் டிவிஷன். கடற்பக்க மூலையில் கடற்படையே தன் ஆட்களை இறக்கித் தாக்கும். கரையில் டெர்ரியின் பக்கத்திலும் கொடிக்கப்பலிலும் ஒரே குறியீடு தெரிந்த கொடிச் சமிக்ஞையாளர்கள்.

கடற்பக்கம்

கடற்படைத் தாக்குதல் போர்ட்டரின் ஆசை. பெருமை முழுவதும் தரைப்படைக்கே போய்விடக்கூடாது என்ற நினைப்பு அதில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். 1,600 மாலுமிகள், 400 மரீன்கள் (கடற்படையின் காலாட்கள்). எதிரிக் கப்பலில் தாவுவதுபோல ஓடியே கோட்டையில் ஏறிவிடுங்கள் என்று அவர் உத்தரவு எழுதியிருந்தார். பெரும்பாலான மாலுமிகள் கையில் குறுவாளும் ரிவால்வரும்தான். சுமார் 35 கப்பல்களிலிருந்து துண்டு துண்டாகத் திரட்டிய ஆட்கள். பக்கத்தில் நிற்பவன் பெயர் தெரியாது, அதிகாரி முகம் தெரியாது.

சங்கு ஊதியது. மரீன்கள் பின்னாலிருந்து சுட்டு மறைப்புத் தரவேண்டும் என்ற ஏற்பாடு முதல் நிமிடத்திலேயே குழம்பியது. மாலுமிகள் ஈர மணலில், ஒளிய ஒரு புதர்கூட இல்லாத கரையில், கூட்டமாக ஓடினார்கள். வேலியின் முனையில் நெரிசல். மேலே சுவரில் வரிசையாக நின்ற தென்னவர்களின் துப்பாக்கிக்குக் குறி பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ரிவால்வர் குண்டு அவ்வளவு தூரம் எட்டாது. 18 வயது ராப்லி எவன்ஸ் இரண்டு காலிலும் குண்டடிபட்டு அங்கே விழுந்தார். பிறகு மருத்துவமனையில் காலை எடுக்க வந்த மருத்துவரைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டி, அதே கால்களோடு வாழ்ந்து, 1907இல் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் உலகப் பயணத்துக்குத் தலைமை ஏற்றுக் கிளம்பிய அட்மிரல் அவர்தான். அன்று மற்ற மாலுமிகள் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள்.

சுவரில் லாம்பும், அவரோடு சாக வந்திருந்த ஜெனரல் வைட்டிங்கும், வீரர்களும் ஆரவாரித்தார்கள். முக்கியத் தாக்குதலை முறியடித்துவிட்டதாக நினைத்தார்கள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றுப் பக்கச் சுவரில் வடக்கின் கொடிகள் நின்றன.

மேட்டுக்கு மேடு

ஏம்ஸின் மூன்று பிரிகேடுகள், கர்டிஸ், பென்னிபேக்கர், பெல் என்ற வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கண்ணிவெடிக் கம்பிகளைக் குண்டுவீச்சு ஏற்கெனவே அறுத்திருந்தது. நிலமுகப் பீரங்கிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை கவிழ்ந்து கிடந்தன. டிசம்பரில் வைட்செல் பார்த்த காட்சி இப்போது இல்லை. வேலியைக் கோடரியால் பிளந்து ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. ஒவ்வொரு மண் தடுப்பும் ஒரு குட்டிக் கோட்டை. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது எதிரே. துப்பாக்கிக் கட்டையால் அடித்துக்கொண்டார்கள். மூன்று பிரிகேடு தளபதிகளும் விழுந்தார்கள்: பெல் செத்தார், பென்னிபேக்கருக்குப் படுகாயம், கர்டிஸுக்கு ஒரு கண் போனது.

டெர்ரி கொடியசைத்தார். ‘நியூ அயர்ன்சைட்ஸ்’ என்ற கவசக் கப்பலின் பீரங்கிகள், வடக்கின் படை நிற்கும் தடுப்புக்கு அடுத்த தடுப்பைச் சுட்டன. அது விழுந்ததும் அதற்கடுத்ததை. சில குண்டுகள் சொந்த ஆட்கள் மீதும் விழுந்தன. ஆனாலும் அந்தக் காலத்தில், புகைக்கு நடுவே, கொடியை மட்டும் நம்பி, கண்ணெதிரே நிற்கும் சொந்தப் படைக்குச் சில அடி முன்னால் கப்பலிலிருந்து சுடச் சொல்லவும் சுடவும் இரு பக்கமும் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்? பட்லருக்காகப் போர்ட்டர் இதைச் செய்திருப்பாரா, செய்தாலும் பட்லர் கேட்டிருப்பாரா?

இருட்டியது. புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். வடக்கு அரணிலிருந்து ஆபட்டின் பிரிகேடை எடுக்கவேண்டும். எடுத்தால் ஹோக்குக்கு எதிரே அரண் காலி. டெர்ரி அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது, மதியம் தோற்று ஓடிவந்த அதே மாலுமிகளையும் மரீன்களையும். கடற்படை ஆட்கள் தரைப்படையின் அகழியில் துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றார்கள். அவர்கள் அங்கே நின்றதால் ஆபட்டின் ஆட்கள் கோட்டைக்குள் போனார்கள். இதற்கு எந்தச் சட்டப்புத்தகத்திலும் இடமில்லை. கேட்டார், கொடுத்தார்கள். இரவு பத்து மணியளவில் எல்லாம் முடிந்தது.

வடக்கின் தரைப்படை இழப்பு சுமார் 950, கடற்படையில் 400-க்குச் சற்றுக் குறைவு. மறுநாள் காலை கோட்டையின் வெடிமருந்து அறை வெடித்து, இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 200 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கொள்ளைப் பொருள் தேடித் தீப்பந்தத்தோடு உள்ளே போனவர்களின் அசட்டை என்று விசாரணை சொன்னது.

எதிர்ப்பக்கம்

தெற்கில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் இடையே சண்டையே இல்லை. சண்டையிடும் அளவுக்குக் கப்பல் இல்லை. அவர்கள் கட்டிய ‘ராலி’ என்ற கவசக் கப்பல் 1864 மே மாதமே தரைதட்டி முறிந்தது. மிச்சமிருந்த மாலுமிகள் கோட்டையின் சில பீரங்கிகளில் நின்றார்கள். அங்கே பிளவு ஒரே தரைப்படைக்குள். வில்மிங்டனில் மேலே இருந்தவர் ப்ராக்ஸ்டன் பிராக். அவருக்கும் வைட்டிங்குக்கும் ஆகாது. ஹோக்கின் 6,000 பேரும் மூன்று நாளும் குண்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். வடக்கு அரணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். பிராக்கைவிட்டு 13ஆம் தேதி கோட்டைக்கு வந்த வைட்டிங், லாம்பிடம் சொன்னது இது: “லாம்ப், உன் விதியைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். நீயும் உன் படையும் பலியிடப்படப் போகிறீர்கள்.” இரண்டு மாதத்தில் வைட்டிங் நியூயார்க் சிறையில் இறந்தார்.

வாஷிங்டனில் பட்லர் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடிக்கவே முடியாது என்று. விழுந்துவிட்டது என்ற செய்தி அந்த நேரத்தில் உள்ளே வந்தது. அறை சிரித்தது. பட்லரும் சிரித்ததாகச் சொல்வார்கள். குழு கடைசியில் அவர்மீது குற்றமில்லை என்றே எழுதியது.

கோட்டை விழுந்த சேதி கடலுக்கு அப்பால் போக நாளாகும் என்று போர்ட்டருக்குத் தெரியும். கோட்டையின் தென்முனை மேட்டில் வழிகாட்டி விளக்கை வழக்கம்போல ஏற்றி வைக்கச் சொன்னார். சில இரவுகள் கழித்து ‘ஸ்டாக்’, ‘சார்லட்’ என்ற இரண்டு முற்றுகை உடைப்புக் கப்பல்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, முற்றுகையைத் தாண்டிவிட்ட நிம்மதியோடு உள்ளே வந்து, ‘மால்வர்ன்’ அருகிலேயே நங்கூரம் போட்டன.